இரண்டாம் பிரதி

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தூதரக அதிகாரி அந்தத் தாளை முதலில் படிக்கவே இல்லை. அதன் கீழ் மூலையில் கட்டைவிரலை வைத்து மெதுவாகத் தேய்த்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை தேய்த்தார். பிறகு தாளைத் தூக்கி மேசை விளக்குக்கு நேராகச் சாய்த்தார். அது பளிச்சென்று மின்னியது. அவர் முகம் சுருங்கியது.

"இதுக்கு மேல பிளாஸ்டிக் போட்டது யாரு?" என்று கேட்டார்.

"வீட்டுல போட்டது சார்" என்றாள் சின்னவள்.

பின்னால் நாற்காலி வரிசையில் மடியில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தவர் அவளுடைய அக்கா கணவர். ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். அந்தத் தாளை உறைக்குள் நுழைத்து, லேமினேஷன் இயந்திரத்தில் விட்டு, சூடு ஆறும்வரை மேசைமேல் வைத்து அழகு பார்த்தவர் அவர்தான். 'நான்தான் போட்டேன் சார்' என்று சொல்ல எழுந்தார். சின்னவள் திரும்பிப் பார்க்காமலே இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து, உட்காருங்கள் என்பதுபோல் உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினாள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி கோபக்காரர் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் பொறுமையாக விளக்கினார். அவர்கள் நாட்டுக் குடிமகனின் பிள்ளை எங்கே பிறந்தாலும் குடிமகன்தான், அந்தப் பிள்ளையின் பிள்ளையும் அப்படியே, ஆனால் சங்கிலியில் ஒரு கண்ணிகூட விடுபடக் கூடாது. அவள் கொடுத்த ஒன்பது தாள்களில் எட்டு சரியாக இருக்கின்றன. முதல் கண்ணிதான் சிக்கல். கொள்ளுத்தாத்தா அந்த நாட்டில் பிறந்தார் என்பதற்கான பதிவு அது. அதில் நகர மன்றத்தின் முத்திரை புடைத்து நிற்க வேண்டும், விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். மை தாளுக்குள் இறங்கியிருப்பது தெரிய வேண்டும். பிளாஸ்டிக்குக்குள் போய்விட்டால் அசலுக்கும் நல்ல ஜெராக்ஸுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

நல்ல ஜெராக்ஸ் என்ற சொல்லை அவர் யாரையும் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆனாலும் நாற்காலியில் இருந்தவருக்குக் காது சுட்டது.

ஒன்று, தாளுக்குச் சேதமில்லாமல் பிளாஸ்டிக்கை எடுக்க வேண்டும். இல்லை, அந்த ஊரிலிருந்து புதிய பதிவு நகல் வாங்கிவர வேண்டும். சின்னவள் ஃபைலிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். முன்பே எழுதிக் கேட்டதற்கு அந்த ஊர் நகர மன்றம் அனுப்பிய பதில். பழைய கட்டடம் தீப்பிடித்து எரிந்ததில் அந்த வருடத்துப் பிறப்புப் பதிவேடு அழிந்துவிட்டது, வருந்துகிறோம். இரண்டே வரி. அதிகாரி அதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். சட்டம் மாறப் போகிறது, இனிமேல் பேரன் பேத்தியோடு உரிமை நின்றுவிடும், கொள்ளுப் பேரன் பேத்திகளுக்குக் கிடையாது, ஏற்கெனவே மனுப் போட்டவர்களுக்கு மட்டும் தொண்ணூறு நாள் அவகாசம் என்று சொல்லி, ஒரு சீட்டில் தேதியை எழுதிக் கொடுத்தார்.

பதினான்கு மாதம் காத்திருந்து கிடைத்த சந்திப்பு பதினைந்து நிமிடத்தில் முடிந்தது.

பஸ்ஸில் இரண்டு பேரும் பேசவில்லை. அவர் எப்போதுமே அதிகம் பேசாதவர். கடையில் இயந்திரம் ஓடும் சத்தத்தில் மணிக்கணக்காகச் சும்மா இருப்பது அவருக்குச் சிரமமே இல்லை. பேச்சில்லாத இடத்தில்தான் தனக்கு உட்கார இடம் கிடைத்ததுபோல் இருக்கும். ஆனால் அன்றைக்குப் பக்கத்து இருக்கையில் சின்னவளின் மௌனம் வேறு மாதிரி இருந்தது. அதற்குள் அவருக்கு இடமில்லை.

சின்னவள் அவர் மனைவியின் தங்கை. ஒரே வருடத்தில் அப்பாவையும் அம்மாவையும் இழந்துவிட்டு, பதினோரு வயதில் ஒரு பெட்டியோடு இந்த வீட்டுக்கு வந்தவள். வந்த முதல் மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் பேசச் சொல்லி வற்புறுத்தவில்லை. பள்ளி விட்டதும் கடைக்கு வருவாள், மேசைக்கு அடியில் உட்கார்ந்து வீணான தாள்களில் படம் வரைவாள். ஒருநாள் ஒரு கை படம் வரைந்து, அதன் விரல் எலும்புகளை எல்லாம் எண்ணி எண்ணிப் போட்டிருந்தாள். அவர் அதை எடுத்து லேமினேட் செய்து கொடுத்தார். அன்றைக்குத்தான் முதல்முறையாக வாயைத் திறந்தாள். "ஒரு விரல் தப்பா இருக்கு மாமா. இனிமே திருத்த முடியாதே" என்றாள்.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் யோசித்ததும் இல்லை.

எதை லேமினேட் செய்யாமல் விட்டார் அவர்? அவளுடைய மதிப்பெண் பட்டியல்கள், அம்மை போட்டபோது வைத்தியர் எழுதிய மருந்துச் சீட்டு, பள்ளி நாடகத்தில் அவள் பெயர் வந்த நோட்டீஸ், வீட்டு அடுப்பின் உத்தரவாத அட்டை, எல்லாம் உறைக்குள் போய்விட்டன. தெருவில் எல்லோரும் அவரைக் கடைக்காரர் என்பார்கள். சின்னவளுக்கு அவர் பிளாஸ்டிக் மாமா. மனைவி அதற்கும் ஒரு படி மேலே போவாள். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் தன்னையும் போட்டு எடுத்துவிடுவார் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள்.

எலும்பு வரைந்த பெண் இப்போது செயற்கைக் கால் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறாள். கை முழுக்க மாவுக்கட்டு வெள்ளையோடு வீட்டுக்கு வருவாள். பெரியவர்களுக்குக் கால் செய்வது சுலபம் என்பாள். குழந்தைகளுக்குத்தான் கஷ்டம். வருடத்துக்கு ஒரு முறை கால் போதாமல் போய்விடும். புதிதாகச் செய்துகொள்ள முடியாத குழந்தை பழைய காலையே மாட்டிக்கொண்டு நொண்டும், இடுப்பு கோணிப்போகும். குழந்தையோடு சேர்ந்து நீளும் கால்களைச் செய்யக் கற்றுத்தரும் இடம் ஒன்று கொள்ளுத்தாத்தாவின் நாட்டில் இருக்கிறது. அங்கே இரண்டு வருடம் படிக்க அவள் தேர்வாகியிருந்தாள். ஆனால் அந்த இடம் அந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்.

கொள்ளுத்தாத்தாவைக் குடும்பத்தில் பூனைக்கண்ணர் என்பார்கள். இரண்டு வருட ஒப்பந்தத்தில் ஆலைக் கொதிகலன் மாட்ட வந்தவர், ஒரு பெண்ணைப் பார்த்தார், கொதிகலனை மாட்டி முடித்தார், திரும்பிப் போகவில்லை. அந்தக் கண் சந்ததியில் யாருக்கும் வரவில்லை, முன்கோபம் மட்டும் தவறாமல் வந்தது என்பாள் மனைவி, தன்னைச் சேர்க்காமல். பூனைக்கண்ணரின் கருவிப் பெட்டிக்கு அடியில் நான்காக மடித்துக் கிடந்ததுதான் அந்தத் தாள். பெட்டி துருப்பிடித்துப் போயும் தாள் பிழைத்தது. மடிப்புகளில் இற்று, தொட்டால் நாலு துண்டாகிவிடும் நிலையில் இவர் கைக்கு வந்தது. சந்திப்புக்குத் தேதி கிடைத்த சந்தோஷத்தில், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கடையிலேயே விலை அதிகமான உறையை எடுத்து, தூசி துடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே விட்டார். மூலைகளை வட்டமாகக்கூட வெட்டிக் கொடுத்தார்.

தூதரகத்திலிருந்து வந்த அன்று மனைவி எதுவும் பேசவில்லை. மறுநாள் காலையில் ஆரம்பித்தவள் மத்தியானம் வரை நிறுத்தவில்லை. முப்பது வருடமாகக் காகிதத்தோடு குடும்பம் நடத்துகிற மனுஷனுக்கு எந்தக் காகிதத்தைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று தெரியாதா என்பதுதான் அதன் சாரம். எதிர்வீட்டுத் தையல்காரி, உனக்கும்தானே அந்த உரிமை உண்டு, நீயும் மனுப் போட்டிருக்கலாமே என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள். எனக்கு எதற்கு, அங்கே போய் எந்த ராஜாவுக்கு ராணியாகப் போகிறேன், இந்த மனுஷனைக் கட்டி மேய்க்கவே ஒரு நாடு போதாது என்று பதில் போனது. சின்னவள் இரண்டு பேச்சிலும் கலந்துகொள்ளவில்லை. சாப்பிட்டாள், பட்டறைக்குப் போனாள், வந்தாள். மாமா என்று கூப்பிடவில்லை. கோபமாக இருந்தாளா என்றால் அதுவும் இல்லை. தட்டை எடுத்துக் கொடுத்தாள், தண்ணீர் வைத்தாள்.

கடைச் சுவரில் அவர் கைப்பட எழுதி ஒட்டிய அறிவிப்பு ஒன்று இருந்தது. லேமினேஷன் செய்தபின் பிரிக்க இயலாது, கடை பொறுப்பல்ல. எத்தனை பேரிடம் அதைச் சுட்டிக் காட்டியிருப்பார்! ஒருமுறை ஒரு கிழவர் சொத்துப் பத்திரத்தைக் கொண்டுவந்து கெஞ்சியபோதுகூட, சுவரைத்தான் காட்டினார். இப்போது அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பாமல் வேலை செய்யப் பழகிக்கொண்டார்.

பழைய கடித உறைகள், மஞ்சளான பாடப்புத்தகத் தாள்கள் எனக் கிடைத்ததை எல்லாம் சேகரித்தார். பக்கத்துக் கடை வக்கீலிடம் புடைப்பு முத்திரைக் கருவியை இரவல் வாங்கி அவற்றில் குத்தினார். பழைய மையில் எழுதினார். லேமினேட் செய்தார். பிறகு ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினார். சூடு காட்டினால் ஓரம் எழும்பியது, ஆனால் எழுத்தும் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு வந்தது. குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்தால் உறை நொறுங்கியது, கூடவே தாளும். பனிக்கட்டி எடுக்கப் போன மனைவி, உறைந்துகிடந்த பாடப்புத்தகப் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடினாள். கரைப்பான் ஊற்றிப் பார்த்தார். தாள் பாலாடைபோல இரண்டு படலமாகப் பிரிந்தது, முன்பக்கம் ஒன்றில், பின்பக்கம் ஒன்றில். முத்திரை ஒவ்வொரு தடவையும் தட்டையாகித்தான் இருந்தது. உருளைகளுக்கு இடையே போன அன்றைக்கே அது நசுங்கிவிட்டது என்பதை ஏழாவது முயற்சியிலேயே புரிந்துகொண்டார். இருந்தும் இருபத்து மூன்று வரை போனார்.

முயற்சிகளுக்கு நடுவே சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான் அந்த எண்ணம் வந்தது. வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. ரொம்ப நாளாக உள்ளே ஒரு மூலையில் இருந்திருக்கிறது, இப்போதுதான் அவர் அந்தப் பக்கம் திரும்பினார். இத்தனை வருடத் தொழிலில், அரசாங்க முத்திரை உள்ள அசல் தாள் யார் கொண்டுவந்தாலும், நகல் எடுத்து நகலைப் போடுங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறார். இந்த ஒரு தாளுக்கு மட்டும் ஏன் சொல்லத் தோன்றவில்லை? கைக்குத் தெரிந்தது மனசுக்குத் தெரியாமல் போனதா? இல்லை, மனசுக்குத் தெரிந்ததைக் கை செய்துவிட்டதா? அவள் போய்விட்டால் சாயங்காலம் ஏழு மணிக்கு வாசலில் செருப்பு உதறும் சத்தம் இருக்காது. அதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாததெல்லாம் எங்கேயோ போய் வேலை செய்துகொண்டுதானே இருக்கும்?

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். சின்னவள் குனிந்து உள்ளே வந்தாள். கையில் பட்டறையில் பிளாஸ்டிக்கை வளைக்கப் பயன்படுத்தும் சூட்டுக் காற்றுத் துப்பாக்கி. மேசைமேல் கிடந்த கந்தல்களைப் பார்த்தாள். எண்ணினாள் போலிருக்கிறது, உதடு அசைந்தது.

"மிச்சம் இருந்தா ஒண்ணு குடுங்க" என்றாள்.

இருபத்து நான்காவதை எடுத்துக் கொடுத்தார். அவள் காற்றைப் பக்கவாட்டில் காட்ட, அவர் தகட்டுக் கத்தியால் ஓரத்தை எழுப்பினார். அரைப் பக்கம் வரை எழுத்து சிதையாமல் வந்தது. அதற்கு மேல் தாள் சுருண்டு கருகியது. அவள் துப்பாக்கியை அணைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். இயந்திரம்கூட ஓடவில்லை. அந்த அமைதி தாங்காமல் அவர்தான் பேசினார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ போகக் கூடாதுன்னு நினைச்சுத்தான் அப்படிச் செஞ்சேனோன்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அதிர்ச்சி இல்லை அந்தப் பார்வையில்.

"நானும் ரெண்டு வாரம் அப்படித்தான் நினைச்சேன் மாமா. அதான் பேசல. பேசினா கேட்டுடுவேன்னு பயம்."

"அப்புறம்?"

"அப்புறம் என் அலமாரியைத் திறந்து பாத்தேன். நீங்க போட்டுக் குடுத்தது நூத்துப் பன்னெண்டு இருக்கு. அடுப்போட உத்தரவாத அட்டை அதுல எப்படி வந்துச்சுன்னு தெரியல. அடுப்பு ஓடிப் போயிடும்னா அதைப் போட்டீங்க? உங்களுக்கு வேற ஒண்ணும் தெரியாது, அவ்வளவுதான்." துப்பாக்கியின் ஒயரைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "போகக் கூடாதுன்னு நினைச்சிருந்தாலும் தப்பில்ல. நினைக்கிறதுக்கு எனக்கும் ஒரு ஆள் இருக்குன்னு வச்சுக்குவேன்."

அவர் மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார்.

அப்போது பாதிக் கதவுக்கு அடியில் ஒரு ஜோடி கால் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை என்று தெரியும், அவசரம், ஒரே ஒரு விண்ணப்பம் என்று குரல் கெஞ்சியது. அவர் கையை நீட்டித் தாளை வாங்கினார்.

"எத்தனை காப்பி?"

"ரெண்டு போடுங்க. ஒண்ணு ஆபீஸ்ல வச்சுக்குவாங்களாம், ஒண்ணு மேல அனுப்புவாங்களாம்."

வாழ்நாளில் பத்தாயிரம் தடவை கேட்ட வாசகம் அது. ஒன்று இங்கே, ஒன்று மேலே. இரண்டு போட்டுக் கொடுத்தார். ஆள் போய்விட்டார். ஆனால் இவர் இயந்திரத்தின் மூடியைத் திறந்து பிடித்தபடியே நின்றார். அவள் கூப்பிட்டும் திரும்பவில்லை.

"உன் கொள்ளுத்தாத்தா ஊருக்கு எழுதினியே, என்னன்னு கேட்டே?"

பதிவேட்டில் இருந்து நகல் வேண்டும் என்று கேட்டதாகச் சொன்னாள்.

"அவங்க, எங்ககிட்ட இருந்த பதிவேடு எரிஞ்சு போச்சுன்னாங்க. சரி. மேல அனுப்பினது எங்க?"

அவளுக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். அவர் இவ்வளவு கோவையாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. எந்த அலுவலகமும் ஒரே ஒரு பிரதியை நம்பி இருக்காது. ஜெராக்ஸ் இயந்திரம் வருவதற்கு முன்னால் இருந்த அலுவலகம் என்றால் இன்னும் பயந்துதான் இருக்கும். தீயும் தண்ணீரும் எலியும் அப்போதும் இருந்ததே. யாராவது உட்கார்ந்து கையால் இன்னொன்று எழுதியிருப்பான். அது அந்த ஊரில் இருக்காது, மேலே எங்கேயோ போயிருக்கும். நகர மன்றத்துக்காரர்கள் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார்கள். அது அவர்கள் தப்பில்லை. கவுண்டரில் உட்கார்ந்தவன் கேட்டதற்கு மேல் எதையும் கொடுக்க மாட்டான், நானே கொடுத்ததில்லை என்றார்.

அவள் அன்றைக்கே எழுதினாள். இரண்டு வருடமாக மாலை வகுப்பில் கற்ற மொழியில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு ஒன்று, நீதிமன்றத்துக்கு ஒன்று. அவர் இரண்டையும் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டார்.

காத்திருந்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நீதிமன்றத்திலிருந்து பதிலே வரவில்லை. காப்பகத்திலிருந்து, கடிதம் கிடைத்தது என்று மட்டும் ஓர் அட்டை வந்தது. தொண்ணூறில் நாற்பது நாள் தாண்டியது, அறுபது தாண்டியது. மனைவி பேசுவதைக் குறைத்துக்கொண்டாள், அதுதான் வீட்டில் எல்லோரையும் பயமுறுத்தியது. சின்னவள் திரும்பவும் அவரை மாமா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். சாயங்காலம் பட்டறையிலிருந்து நேரே கடைக்கு வந்து உட்காருவாள். இரண்டு பேரும் பேச மாட்டார்கள். மேசைக்கு அடியில் இடம் போதாத உயரத்துக்கு வளர்ந்திருந்தாள், ஆகவே முக்காலியில். கிடைக்காமல் போனால் அவள் இங்கேயே இருப்பாள். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் தன் மனசை அவர் உற்றுப் பார்த்தார். அதில் கொஞ்சம்கூடச் சந்தோஷம் எழவில்லை. அப்படி எழாதது அவருக்குப் பெரிய விடுதலையாக இருந்தது.

எழுபத்தொன்றாம் நாள் கனமான ஓர் உறை வந்தது. தபால்காரர் கடையில் கொடுத்தார். அவள் பெயருக்கு வந்தது என்பதால் அவர் பிரிக்கவில்லை. பட்டறைக்கு எடுத்துக்கொண்டு நடந்தார். கடையைப் பூட்டினோமா என்று பாதி வழியில் சந்தேகம் வந்தும் திரும்பவில்லை. வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்த கால்களுக்கு நடுவே அவள் ஒரு குட்டிக் காலுக்கு மாவு பூசிக்கொண்டிருந்தாள். கையைக் காட்டினாள், இரண்டும் வெள்ளை.

"நீங்களே பிரிங்க மாமா."

உள்ளே மூன்று தாள்கள். ஒன்று, புத்தம் புதிய பதிவு நகல். அவருக்கு அதில் ஓர் எழுத்து தெரியாது. கீழ் மூலையில் கட்டைவிரலை வைத்தார். முத்திரை புடைத்து நின்றது. வரம்பு, நடுவில் ஏதோ கோட்டை மாதிரி, சுற்றிலும் எழுத்து, எல்லாம் விரலுக்குக் கிடைத்தது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை தடவினார். அவர் முகத்தைப் பார்த்தே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மாவு காய்வதற்குள் பூசி முடித்தாக வேண்டும் என்பதால் குனிந்து பூசிக்கொண்டே இருந்தாள். கண்ணீர் மூக்கு நுனியில் சேர்ந்து மாவில் சொட்டியது. அந்தக் கால் சரியாக வராது, திரும்பச் செய்ய வேண்டும் என்று பிறகு மேஸ்திரி சொன்னார்.

இரண்டாவது தாள், பழைய பதிவேட்டின் ஒரு பக்கத்தினுடைய நகல். மூன்றாவது, காப்பகத்தில் வேலை செய்யும் ஒரு பெண்மணி கைப்பட எழுதிய குறிப்பு. கை கழுவி வந்து சின்னவள் அதை வரிவரியாகச் சொன்னாள். நகர மன்றத்தின் பதிவேடு எரிந்தது உண்மை. ஆனால் அந்தக் காலத்தில் ஒவ்வொரு குளிர்காலமும் அந்த வருடத்துப் பதிவுகளை இன்னொரு புத்தகத்தில் எழுதி மாவட்டத்துக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. உங்கள் கொள்ளுத்தாத்தா ஊர்ப் புத்தகங்கள் பட்டியலில் சேராமல், வேறு ஊர்ப் பெட்டியில் கிடந்தன, அதனால்தான் தாமதம், மன்னிக்கவும். அந்தப் பெட்டியில் இருந்த பதினோரு வருடத்துப் பிரதிகளும் ஒரே கையெழுத்தில் இருக்கின்றன. எழுதியவர் அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர். உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயர் உள்ள பக்கத்தின் ஓரத்தில், அறையில் மை உறைந்துவிட்டது, அடுப்பில் காட்டி உருக்கி எழுதுகிறேன் என்று குறித்திருக்கிறார். உங்களுக்குச் சுவாரசியமாக இருக்கும் என்பதால் அந்தப் பக்கத்தையும் சேர்த்து அனுப்புகிறேன்.

அவர் அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்தார். சாய்ந்த எழுத்து, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. நடுவில் எங்கேயோ பூனைக்கண்ணரின் பெயர் இருந்தது. பிறந்து சில மாதமே ஆன ஒரு குழந்தையின் பெயர், அவ்வளவுதான் அந்த ஆசிரியருக்கு. அது வளர்ந்து கொதிகலன் மாட்டக் கப்பல் ஏறும் என்றோ, அதன் கொள்ளுப்பேத்தி இன்னொரு மூலையில் குழந்தைகளுக்குக் கால் செய்வாள் என்றோ அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. விறைத்த விரலோடு அடுத்த பெயருக்குப் போயிருப்பார். நகல் எடுப்பது யாருக்கும் பெருமை தருகிற வேலை இல்லை. இயந்திரத்தில் எடுக்கிறவருக்கே அது தெரியும்.

தூதரகத்தில் அதே அதிகாரி அந்த மூலையைத் தேய்த்துப் பார்த்தார், ஒரே ஒரு முறை. பிறகு எல்லாத் தாள்களையும் அடுக்கி, ஒரு பக்கம் கையெழுத்துப் போட்டு, அவளைப் பார்த்துத் தலையசைத்தார். சொல்ல அனுமதி இருந்ததோ இல்லையோ, பின் வரிசையில் இருந்தவரை எட்டிப் பார்த்து, "நீங்க இனிமே கவலைப்பட வேண்டாம்" என்றார். வீட்டில் போட்டது யார் என்று அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

ஐந்து வாரத்தில் குடியுரிமைக் கடிதம் வந்தது. மனைவி அதைக் கையில் வாங்கியதும் கணவரிடமிருந்து ஓரடி தள்ளி நின்றுகொண்டாள். எதிர்வீட்டுத் தையல்காரிக்கு ஜன்னல் வழியாகக் காட்டினாள். நேற்று வரை நம் வீட்டுக் கழுதை, இன்றைக்கு வெளிநாட்டுக்காரி, இனிமேல் அவளிடம் பாத்திரம் தேய்க்கச் சொல்லலாமா கூடாதா என்று தூதரகத்தில் கேட்க வேண்டும் என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய் நெடுநேரம் முகம் கழுவினாள்.

புறப்பட நான்கு நாள் இருந்தபோது சின்னவள் கடைக்கு வந்தாள். காப்பகத்துப் பெண்மணிக்கு நன்றி எழுத வேண்டும், நீங்கள் சொல்லுங்கள், நான் அவர்கள் மொழியில் எழுதுகிறேன் என்றாள். அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எதிரே உட்கார்ந்தார். முதலில் அந்த ஆசிரியரின் வம்சத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கச் சொன்னார். இருந்தால், ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர் கும்பிடு சொன்னதாகச் சொல்லச் சொன்னார். பிறகு, பெட்டி பெட்டியாகத் தேடியதற்கு நன்றி. கேட்காததையும் சேர்த்து அனுப்பியதற்குத் தனியாக ஒரு நன்றி. அவள் எழுதிக்கொண்டே வந்தாள்.

"வேற என்ன மாமா?"

தெருவில் ஒரு வண்டி போனது, இன்னொன்று போனது. அவள் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் காத்திருந்தாள். பதினோரு வயதில் அவளுக்காக அவர் காத்திருந்ததைப்போல அவளும் அவசரப்படுத்தவில்லை.

"எங்க வீட்டுப் பொண்ணு உங்க நாட்டுக்கு வர்றா. கொஞ்சம் பாத்துக்குங்கன்னு எழுது."

"நான் படிக்கப் போற இடத்துலேர்ந்து அவங்க ஊருக்கு ரயில்ல ஆறு மணி நேரம் மாமா. அவங்க என்னை எங்க பாக்கப் போறாங்க?"

"அது பரவாயில்ல. எழுது."

அவள் எழுதினாள். அந்த வாக்கியத்துக்கு வேண்டிய சொல் எதுவோ கிடைக்காமல் கொஞ்சம் யோசித்து, அடித்துவிட்டுத் திரும்ப எழுதினாள். பிறகு தாளை அவர் பக்கம் திருப்பி, இதுதான் அந்த வரி என்று விரலால் காட்டினாள். படிக்கத் தெரியாத அந்த வரியை அவர் நிதானமாக, கடைசி எழுத்து வரை பார்த்தார்.